கடைசி நொடிக்குத் தயாராவது: டைபிரேக் ஆட்டமும் கடிகாரமும்

2008 மே மாதம். அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் உள்ள டல்சா நகரம். அமெரிக்கப் பெண்கள் தேசிய செஸ் சாம்பியன்ஷிப்பில் ஐரினா க்ரஷ்ஷும் அன்னா சடோன்ஸ்கியும் சம புள்ளிகளோடு முதலிடத்தில் நின்றார்கள். பட்டம் யாருக்கு என்ற கேள்வி கடைசியில் ஒரே ஓர் அர்மகெடான் ஆட்டத்தில் வந்து நின்றது. வெள்ளைக் காய் ஆடிய க்ரஷ்ஷுக்கு 6 நிமிடம். கறுப்பு ஆடிய சடோன்ஸ்கிக்கு நாலரை நிமிடம்தான், ஆனால் டிரா ஆனாலே பட்டம் அவருக்கு. நகர்த்தலுக்கு நகர்த்தல் கூடுதல் நொடி எதுவும் கிடையாது. கடைசிக் கட்டத்தில் இருவருக்கும் யோசிக்க நேரமே இல்லை. எதிராளி காயை வைத்த மாத்திரத்தில் பதில் காயை வைத்துக் கடிகாரத்தைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். க்ரஷ்ஷின் நேரம் முடிந்தது. அப்போது சடோன்ஸ்கியின் கடிகாரத்தில் மிச்சம் இருந்தது ஒரே ஒரு நொடி.

இருவரும் சாதாரண ஆட்டக்காரர்கள் அல்லர். இருவரும் உக்ரைனில் பிறந்தவர்கள்: க்ரஷ் ஒடெசாவில், சடோன்ஸ்கி மரியுபோலில். க்ரஷ் 14 வயதிலேயே, 1998இல், அமெரிக்கப் பெண்கள் பட்டத்தை வென்றவர். பின்னாளில் 2013இல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். 2006 முதல் 2015 வரை பத்து ஆண்டுகள் அந்தப் பட்டம் இந்த இருவரைத் தாண்டி மூன்றாவது ஆளிடம் போகவில்லை. இப்படிப்பட்டவர்களையே கடிகாரம் அந்தப் பாடு படுத்தியது. மாவட்டப் போட்டியிலும் மாநிலப் போட்டியிலும் ஆடும் நீங்கள் இதற்கென்று தனியாகத் தயாராகாமல் போனால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். ஓப்பனிங்குக்கு மாதக்கணக்கில் உழைக்கிறோம், எண்ட்கேமுக்குப் புத்தகம் வாங்குகிறோம். கடைசி முப்பது நொடியை மட்டும் கடவுள் விட்ட வழி என்று விட்டுவிடுகிறோம். அந்த முப்பது நொடிக்கும் விதிகள் இருக்கின்றன, பயிற்சி இருக்கிறது, கணக்கு இருக்கிறது. அவற்றைத்தான் இந்த அத்தியாயத்தில் பார்க்கப்போகிறோம்.

முதலில் கணக்கு. 6 நிமிடம் என்றால் 360 நொடி. ஆட்டம் 60 நகர்த்தல் நீண்டால் ஒரு நகர்த்தலுக்கு 6 நொடி. நாலரை நிமிடம் என்றால் 270 நொடி, அதாவது நகர்த்தலுக்கு நாலரை நொடி. காயைத் தூக்கி, வைத்து, கடிகாரத்தைத் தட்டவே சராசரி ஆட்டக்காரருக்கு ஒரு நொடி போய்விடும். அந்த ஒரு நொடியும் உங்கள் கணக்கில்தான் கழியும். காயை வைத்ததற்கும் கடிகாரத்தை அழுத்தியதற்கும் இடைப்பட்ட நேரம் காயை வைத்தவருக்கே உரியது என்று ஃபிடே விதி சொல்கிறது. இதே ஆட்டத்தில் நகர்த்தலுக்கு 2 நொடி இன்கிரிமென்ட் இருந்திருந்தால் 60 நகர்த்தலில் ஆளுக்கு 120 நொடி கூடுதலாகக் கிடைத்திருக்கும். அதைவிட முக்கியம், ஒரு நொடியில் தொங்கிக்கொண்டிருப்பவர்கூடத் தட்டியவுடன் மூன்று நொடிக்கு வந்துவிடுவார். ஜெயிக்கிற நிலையில் இருப்பவர் ஜெயித்துக்காட்ட அது போதும்.

இன்கிரிமென்ட் அப்போது புதிய விஷயமும் அல்ல. பாபி ஃபிஷர் இந்த வகைக் கடிகாரத்துக்கு 1989இலேயே காப்புரிமை பெற்றுவிட்டார். 1992இல் ஸ்பாஸ்கியோடு யூகோஸ்லாவியாவில் ஆடிய மறுபோட்டியில் அது பயன்பட்டது. அதற்குப் பதினாறு ஆண்டுகள் கழித்து ஒரு தேசியப் பட்டத்தை இன்கிரிமென்ட் இல்லாத ஆட்டத்தில் தீர்த்தார்கள் என்பது எனக்கு இன்றும் ஒப்பவில்லை. ஆனால் போட்டி அமைப்பாளர் என்ன முறை வைக்கிறாரோ அதில்தான் நாம் உட்கார்ந்து ஆடவேண்டும். ஆகவே முதல் சுற்றுக்கு முன்பே ப்ராஸ்பெக்டஸைக் கடைசி வரி வரை படியுங்கள். சமநிலை வந்தால் என்ன செய்வார்கள் என்று அதில் எழுதியிருக்கும். நம் ஊர் ஸ்விஸ் முறைப் போட்டிகளில் பெரும்பாலும் புக்ஹோல்ஸ் போன்ற கணக்குகளை வைத்தே இடத்தைத் தீர்மானிப்பார்கள், தனி ஆட்டம் இருக்காது. ஆட்டம் வைத்துத் தீர்ப்பதாக இருந்தால் எத்தனை ஆட்டம், எவ்வளவு நேரம், இன்கிரிமென்ட் உண்டா, கடைசியில் அர்மகெடான் உண்டா, அதில் நிறத்தை யார் தேர்ந்தெடுப்பது என்ற ஐந்தையும் ஆர்பிட்டரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம். கடைசிச் சுற்று முடிந்து கை நடுங்கும் நேரத்தில் கேட்டால் பதில் காதில் ஏறாது.

சில போட்டிகளில் நிறத்தை ஏலம் விடுவதுபோல் விடுவார்கள். டிரா சலுகையோடு கறுப்பை எடுக்க எவ்வளவு குறைந்த நேரம் போதும் என்று இருவரும் எழுதிக் கொடுக்க வேண்டும்; குறைவாக எழுதியவருக்குக் கறுப்பு. இதற்கு அந்த இடத்தில் உட்கார்ந்து எண் யோசிக்கக் கூடாது. வீட்டில் நண்பரோடு 5 நிமிடம், 4 நிமிடம், 3 நிமிடம் என்று இறக்கிக்கொண்டே ஆடிப் பாருங்கள். எந்த இடத்தில் உங்கள் ஆட்டம் உடைகிறது என்று தெரிந்துவிடும். அதற்குச் சற்று மேலே உள்ள எண்தான் உங்கள் எண். எதிராளி என்ன எழுதுவார் என்று ஊகித்து அதைக் குறைப்பது சூதாட்டம்.

நார்வே செஸ் போட்டியில் இந்த அர்மகெடானை வேறு மாதிரி வைத்திருக்கிறார்கள். கிளாசிக்கல் ஆட்டம் டிரா ஆனால் உடனே அர்மகெடான்: வெள்ளைக்கு 10 நிமிடம், கறுப்புக்கு 7 நிமிடம், 41ஆவது நகர்த்தலிலிருந்து நகர்த்தலுக்கு ஒரு நொடி கூடுதல். அந்த ஒரு நொடி ஆட்டத்தைச் செஸ்ஸாக வைத்திருக்கிறது. 2024 முதல் பெண்களுக்கும் தனிப் போட்டி நடக்கிறது. நம் வைஷாலியும் ஹம்பியும் முதல் ஆண்டே ஆடினார்கள். அந்த ஆட்டங்களின் காணொளிகளை எடுத்து, பலகையைப் பார்க்காமல் கடிகாரத்தை மட்டும் பார்த்துக்கொண்டு ஒருமுறை ஓடவிடுங்கள். யார் எந்த நகர்த்தலில் நேரத்தைக் கொட்டினார் என்பது தனிப் பாடம்.

கறுப்புக்கு ஒரு கணக்கு, வெள்ளைக்கு வேறு

அர்மகெடானில் வெள்ளை ஜெயித்தே ஆகவேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதிலிருந்து நேரம் முடிகிற விஷயத்தில் என்ன விளைகிறது என்பதைப் பலர் யோசிப்பதில்லை. ஃபிடே விதிப்படி ஒருவரின் நேரம் முடிந்தால் அவர் தோற்றார். ஆனால், எந்த முறையான நகர்த்தல் வரிசையாலும் எதிராளியால் செக்மேட் செய்யவே முடியாது என்ற நிலை இருந்தால் அது டிரா. சாதாரண ஆட்டத்தில் இந்த டிரா இருவருக்கும் ஒரே மாதிரி ஆறுதல். அர்மகெடானில் அது கறுப்புக்கு மட்டுமே வெற்றி.

ஒரு நிலையை எடுத்துக்கொள்வோம். கறுப்பிடம் ராஜாவும் யானையும். வெள்ளையிடம் ராஜாவும் ஒரே ஒரு சிப்பாயும். பலகையில் கறுப்புதான் மேலே இருக்கிறார். ஆனால் அவரிடம் 3 நொடி, வெள்ளையிடம் 20 நொடி. யானையை வைத்துக்கொண்டு செக் கொடுத்துக்கொண்டே இருந்தால் மூன்று நொடியில் நேரம் முடியும். வெள்ளையின் சிப்பாய் என்றைக்காவது ராணியாகி மேட் செய்யலாம் என்பதால் வெள்ளைக்கு வெற்றி, வெள்ளைக்குப் பட்டம். கறுப்பு செய்யவேண்டியது, யானையைக் கொடுத்தாவது அந்தச் சிப்பாயை வெட்டுவது. வெள்ளை ராஜா யானையை வெட்டினால் பலகையில் இரண்டு ராஜாக்கள் மட்டுமே. அந்தக் கணமே ஆட்டம் டிராவாக முடிந்துவிடும். கடிகாரத்தில் என்ன இருக்கிறது என்ற பேச்சே இல்லை. பட்டம் கறுப்புக்கு.

இன்னும் ஒன்று, இது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். வெள்ளையிடம் ராஜாவும் ஒற்றைக் குதிரையும் மட்டும் இருக்கின்றன. கறுப்பிடம் ராஜாவோடு ஒரு யானை இருக்கிறது. கறுப்பின் நேரம் முடிந்தால்? ஒற்றைக் குதிரையால் மேட் செய்ய முடியாதே, டிராதானே என்று தோன்றும். முடியும். கறுப்பு ராஜா ஏ8, கறுப்பு யானை பி8, வெள்ளை ராஜா ஏ6, வெள்ளைக் குதிரை சி7 என்று பலகையில் வைத்துப் பாருங்கள். மேட். கறுப்பின் சொந்த யானையே ராஜாவின் வழியை அடைத்துக்கொண்டு நிற்கிறது. யாரும் வேண்டுமென்று அப்படி ஆடமாட்டார்கள்தான். ஆனால் விதி கேட்பது, எவ்வளவு அபத்தமான வரிசையாக இருந்தாலும் மேட் சாத்தியமா என்பதை மட்டும். ஆகவே கறுப்புக்கு இங்கே வெற்றி இல்லை, தோல்வி. அந்த யானையையும் தொலைத்திருந்தால் ராஜாவுக்கு எதிரே ராஜாவும் குதிரையும் மட்டும், உடனே டிரா. காய் குறைவாக இருப்பதே லாபம் என்கிற விநோதமான ஆட்டம் இது. ஃபிடே விதியை அப்படியே பின்பற்றாத போட்டிகளில் இந்த விதி சற்று மாறும். அதையும் முன்கூட்டியே ஆர்பிட்டரிடம் கேட்டுவிடுங்கள்.

வெள்ளை ஆடுகிறவருக்கு இதிலிருந்து கிடைப்பது நேர் எதிரான பாடம். நேர நெருக்கடி வரும் என்று தெரிந்தால் ஒரு சிப்பாயையாவது பலகையில் காப்பாற்றி வைத்திருங்கள். எதிராளியின் நேரம் முடியும்போது உங்களிடம் அது இருந்தால் போதும். காய்களைப் பரிமாறிக்கொண்டே போகும் பழக்கம் இங்கே உங்களுக்கு எதிரி. அதே சமயம் உங்கள் நேரம் முடிந்தால் உங்களுக்கு எந்த ஆறுதலும் இல்லை. எதிராளியிடம் வெறும் ராஜா மட்டும் இருந்து ஆட்டம் டிரா ஆனாலும் பட்டம் அவருக்குத்தான். வெள்ளைக்குக் கூடுதல் நேரம் கொடுப்பதே இதற்காகத்தான். அந்தக் கூடுதல் நேரத்தை ஓப்பனிங்கில் கரைத்துவிட்டால் உங்களிடம் மிஞ்சுவது வெள்ளை நிறம் மட்டும்.

கை

இனிக் கைக்கு வருவோம். காயை நகர்த்திய அதே கையால்தான் கடிகாரத்தை அழுத்த வேண்டும். வலது கையால் காயை வைத்துவிட்டு இடது கையால் தட்டக் கூடாது. விரலைக் கடிகாரத்தின் மேலேயே வைத்துக்கொண்டிருப்பதும், அதன்மேல் கையை மிதக்கவிடுவதும் தடை. ஓங்கி அடிப்பது, கடிகாரத்தைத் தூக்குவது, காயை நகர்த்தும் முன்பே அழுத்துவது எல்லாமே தவறு. காயே நகர்த்தாமல் கடிகாரத்தை அழுத்தினால் முறையற்ற நகர்த்தலுக்குரிய தண்டனை. கேஸ்லிங், வெட்டுதல், சிப்பாயை ராணியாக்குதல் இவற்றில் இரண்டு கையையும் பயன்படுத்திவிட்டுக் கடிகாரத்தை அழுத்தினாலும் அதே தண்டனைதான். பிளிட்ஸில் முதல் முறைக்கு எதிராளிக்கு ஒரு நிமிடம் கூட்டிக் கொடுப்பார்கள். இரண்டாம் முறை ஆட்டமே போய்விடும். பத்து நொடியில் ஆடிக்கொண்டிருக்கும் எதிராளிக்கு ஒரு நிமிடம் கொடுப்பது என்றால் என்ன அர்த்தம் என்று சொல்லவேண்டியதில்லை.

சிப்பாயை ராணியாக்கும் இடத்தில்தான் அதிகப் பேர் சறுக்குகிறார்கள். சிப்பாயைக் கடைசிக் கட்டத்தில் வைத்துவிட்டு, ராணியை மாற்றி வைக்காமல் கடிகாரத்தைத் தட்டிவிடுவார்கள். அதுவும் முறையற்ற நகர்த்தல். வெட்டுண்ட ராணி எங்கே என்று எதிராளியின் பக்கம் கை நீட்டித் துழாவும்போது மூன்று நான்கு நொடி ஓடிவிடும். சிப்பாய் ஐந்தாவது வரிசையைத் தாண்டும்போதே எதிராளியின் நேரம் ஓடிக்கொண்டிருக்கையில் கண்ணால் ராணியைத் தேடி வைத்துக்கொள்ளுங்கள். அது அருகில் இல்லை என்றால் உங்கள் நேரத்திலேயே கடிகாரத்தை நிறுத்தி ஆர்பிட்டரிடம் ராணி கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. யானையைத் தலைகீழாக வைத்து ராணி என்று சொல்லும் பழக்கத்தைப் பூங்காவிலேயே விட்டுவிட்டு வாருங்கள். போட்டியில் அது யானைதான்.

காய் சாய்ந்தால் சாய்த்தவர்தான் நிமிர்த்த வேண்டும், அதுவும் தன் நேரத்தில். சாய்த்துவிட்டுக் கடிகாரத்தைத் தட்டினால் எதிராளி ஆர்பிட்டரைக் கூப்பிடலாம். எதிராளி அப்படிச் செய்தால் நீங்களும் கூப்பிடலாம். பாவம் பார்த்து நிமிர்த்திக் கொடுத்தால் போவது உங்கள் நொடி.

டல்சாவுக்குப் பிறகு பெரிதாகப் பேசப்பட்டது இந்தக் கை விஷயம்தான். கடைசி நொடிகளின் காணொளியை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, ஒருவர் தன் நகர்த்தலை முடிக்கும் முன்பே மற்றவர் காயைத் தொட்டாரா என்று செஸ் உலகம் விவாதித்தது. இன்றைய ஃபிடே விதியில் இது தெளிவாக இருக்கிறது. எதிராளி காயைக் கட்டத்தில் வைத்துக் கையை எடுத்துவிட்டால் நகர்த்தல் செய்யப்பட்டுவிட்டது. முறை உங்களுடையது, நீங்கள் ஆடலாம். அவர் கடிகாரத்தைத் தட்டும்வரை காத்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆனால் நீங்கள் ஆடிவிட்ட பிறகும் அவர் தன் கடிகாரத்தைத் தட்டுவதை நீங்கள் தடுக்கக் கூடாது. முதலில் அவர் தட்டுவார், பிறகு நீங்கள் தட்டுவீர்கள். அவர் விரல் காயில் இருக்கும்போதே உங்கள் காயைத் தூக்குவது விதி மீறல். நேரில் பார்த்தால் இவை இரண்டுக்கும் இடையே கால் நொடிகூட இருக்காது.

க்ரஷ் அந்த ஆட்டத்துக்குப் பிறகு அமெரிக்க செஸ் கூட்டமைப்புக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார். தான் உண்மையிலேயே தோற்றேனா என்றும், இன்கிரிமென்ட் இல்லாத இவ்வளவு குறுகிய ஆட்டத்தால் ஒரு சாம்பியனைத் தீர்மானிப்பது முறையா என்றும் கேட்டார். இரண்டாவது கேள்வியில் நியாயம் அவர் பக்கம் என்பதே என் கருத்து. ஆனால் பட்டம் சடோன்ஸ்கியிடமே இருந்தது. ஆட்டம் முடிந்த பிறகு எழும் புகாருக்குப் பலம் குறைவு. எதிராளி தவறு செய்கிறார் என்று தோன்றினால் அடுத்த காயைத் தொடும் முன் கடிகாரத்தை நிறுத்துங்கள். ஆர்பிட்டரை அழைப்பதற்காகக் கடிகாரத்தை நிறுத்த விதி இடம் தருகிறது. நீங்கள் பதில் நகர்த்தல் ஆடிவிட்டால் பிளிட்ஸில் எதிராளியின் முறையற்ற நகர்த்தலும் பெரும்பாலும் அப்படியே நின்றுவிடும். நிறுத்தியதும் எதிராளியிடம் வாதாட வேண்டாம். ஆர்பிட்டரிடம் ஒரே வாக்கியம்: "நான் கையை எடுக்கறதுக்குள்ள அவங்க காயைத் தூக்கிட்டாங்க", "காயைச் சாச்சுட்டு கிளாக்கைத் தட்டினாங்க" என்பதுபோல, நடந்ததை மட்டும். அழுகையும் கோபமும் இல்லாமல் சொல்லப் பழகுங்கள். காரணமே இல்லாமல் நிறுத்தினால் உங்களுக்குத்தான் தண்டனை வரும் என்பதையும் மறக்க வேண்டாம்.

பயிற்சி

வீட்டில் செய்யக்கூடியது எளிது. ராஜாவும் ராணியும் வைத்து வெறும் ராஜாவை மேட் செய்யுங்கள், 15 நொடியில், இன்கிரிமென்ட் இல்லாமல். பிறகு ராஜாவும் யானையும் வைத்து 40 நொடியில். முறை தெரியும் என்பது வேறு, கை தானாகப் போவது வேறு. அடுத்து, ஆளுக்கு ஒரு யானையும் மூன்று சிப்பாயும் வைத்து, ஒருவருக்கு 30 நொடி, மற்றவருக்கு 20 நொடி கொடுத்து, 20 நொடிக்காரருக்கு டிரா சலுகை தந்து ஆடுங்கள். நிறத்தை மாற்றிக்கொள்ளுங்கள். கைப்பேசியில் ஆடினால் இது வராது. மரக் காயும் உண்மையான கடிகாரமும் வேண்டும். திரையில் முன்கூட்டியே நகர்த்தலைப் பதிந்து வைக்கும் வசதி உண்டு, காய் சாய்வதில்லை, கை எதிராளியின் கையில் இடிப்பதில்லை. ஆன்லைன் பிளிட்ஸில் புலியாக இருக்கும் பிள்ளைகள் பலகையில் திணறுவது இதனால்தான். பெற்றோர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

கடிகாரம் எந்தப் பக்கம் என்பதை ஆர்பிட்டர்தான் தீர்மானிப்பார். வலது கைக்காரர்கள் அது இடது பக்கம் இருந்தாலும் ஆடிப் பழக வேண்டும். கை பலகையின் குறுக்கே போய்த் திரும்பும்போது சட்டை நுனியில் காய் மாட்டும். துப்பட்டாவைப் பின் குத்தி வையுங்கள், தொளதொள கைச்சட்டை வேண்டாம், வளையலைக் கழற்றிப் பையில் போட்டுவிடுங்கள்.

இன்கிரிமென்ட் இருந்தால் கவலை இல்லை என்றும் நினைக்க வேண்டாம். 2025 ஜூலையில் ஜார்ஜியாவின் பட்டுமி நகரில் நடந்த பெண்கள் உலகக் கோப்பை இறுதியில் ஹம்பியும் திவ்யா தேஷ்முக்கும் மோதினார்கள். கிளாசிக்கல் ஆட்டம் இரண்டும் டிரா. டைபிரேக்கில் 15 நிமிடமும் நகர்த்தலுக்கு 10 நொடியும் கொண்ட முதல் ஆட்டமும் டிரா. இரண்டாவது ஆட்டத்தில் நேர நெருக்கடியில் ஹம்பி தவறினார். கறுப்பு ஆடிய திவ்யா வென்று, 19 வயதில் கோப்பையோடு கிராண்ட்மாஸ்டர் பட்டத்தையும் எடுத்துக்கொண்டார். 15 வயதில், 2002இல், கிராண்ட்மாஸ்டர் ஆனவர் ஹம்பி. அனுபவத்தில் அவருக்கு என்ன குறை? பத்து நொடி இன்கிரிமென்ட் உங்களைத் தோல்வியிலிருந்து காப்பாற்றும் என்று யாரும் சொல்லவில்லை. சரியாகத் தவறு செய்ய அவகாசம் தரும், அவ்வளவுதான்.

கடைசிச் சுற்றுக்கும் டைபிரேக்குக்கும் நடுவே கொஞ்ச நேரம்தான் கிடைக்கும். அந்த நேரத்தில் பயிற்சியாளர் புதிய ஓப்பனிங் சொல்லிக் கொடுக்கக் கூடாது. பெண்ணை வெளியே அழைத்துப் போங்கள், தண்ணீரும் ஒரு வாழைப்பழமும் கொடுங்கள், கழிப்பறைக்குப் போய்வரச் சொல்லுங்கள். முந்தின ஆட்டத்தின் தவறைப் பற்றி யாரும் வாய் திறக்க வேண்டாம். சுற்றி நின்று கைப்பேசியில் எஞ்சின் மதிப்பீட்டைக் காட்டும் மாமாக்களையும் சித்தப்பாக்களையும் மரியாதையாக அப்புறப்படுத்துவது உடன் வந்தவர் வேலை. உள்ளே போனதும் அவள் செய்யவேண்டியவை மூன்றே: காய்களைக் கட்டத்தின் நடுவில் சரியாக வைத்துக்கொள்வது, கடிகாரத்தில் இரண்டு பக்க நேரமும் சொன்னபடி இருக்கிறதா என்று பார்ப்பது, ஒரு கூடுதல் ராணி மேசையில் இருக்கிறதா என்று பார்ப்பது. இல்லை என்றால் ஆட்டம் தொடங்கும் முன்பே ஆர்பிட்டரிடம் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளலாம்.